பட்டாளக் கொட்டகையும் பழைய வாடகையும்



2021ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். எங்கள் மேரு வட்டாரத்திலும் தண்ணீர் ஏறியது. அந்த வாரத்தில் ஒரு குடும்பத்தார், என் கடைக்குப் பின்புறம் சற்று மேடான நிலத்தில் பூட்டிக் கிடந்த சரக்குக் கொட்டகையின் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். புருஷன், மனைவி, மூன்று பிள்ளைகள். அவர் லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறியபின் வெளியே வந்த தமிழர். கொட்டகையில் அப்போது இருந்தவை ஒரு பழைய தராசும், காலிச் சாக்குகளும், துருப்பிடித்த தகரப் பெட்டிகளுமே. நான் போய்ப் பார்த்தபோது அம்மனிதர் உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாய், பூட்டுக்கு என்ன விலையோ அதைத் தந்துவிடுகிறேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து கடையிலிருந்து அரிசியும் சீனியும் கொடுத்தனுப்பினேன். அன்றைக்கு அதில் ஒரு கேள்வியும் எழவில்லை.

வெள்ளம் வடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இப்போது கேள்வி எழுந்திருக்கிறது.

பக்கத்துக் கடைச் சகோதரர், "இன்னும் விட்டு வைத்தால் கிராண்டில் பங்கு கேட்பான்" என்கிறார். என் மகன், வக்கீல் நோட்டீசு கொடுத்துவிடலாம் என்கிறான். எனக்கும் நோன்பு மாதச் சரக்கை இறக்கி வைக்க இடம் வேண்டியிருக்கிறது. இருந்தாலும், நோட்டீசு எழுதச் சொல்லுமுன், இல்லாதவன் பிறருடைய காலி இடத்தில் தங்குவது எதுவரை நியாயம், எப்போது அது அநியாயமாகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றிற்று. நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆகவே நான் எழுதுவதில் பிழையிருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக.

இதே கேள்வி பெரிய அளவில் எழுந்த இடம் இங்கிலாந்து. 1945இல் இரண்டாவது மகா யுத்தம் முடிந்தபோது அது வெற்றி பெற்ற தேசம். ஆனால் வெற்றி பெற்றவனுக்குத் தலைசாய்க்க இடமில்லை. ஜெர்மானியர் குண்டு வீச்சில் லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தோ குடியிருக்கத் தகாதனவாகவோ ஆகியிருந்தன. கொத்தனாரும் தச்சரும் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் ஆறு வருஷ காலம் புது வீடு கட்டுவது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. நாட்டுக்காகச் சண்டையிட்டுத் திரும்பிய சிப்பாய், மனைவி மக்களோடு மாமனார் வீட்டு ஒற்றை அறையில் முடங்கிக் கிடந்தான்.

அதே சமயம், ஊருக்கு ஊர் பட்டாள முகாம்கள் காலியாகக் கிடந்தன. விமானங்களைச் சுட்டு வீழ்த்த அமைத்த பீரங்கித் தளங்கள், விமான மைதானங்கள், கைதி முகாம்கள். அவற்றில் இருந்தவை பெரும்பாலும் நிஸ்ஸன் கொட்டகைகள். ஒரு பெரிய பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போல, வளைத்த நெளிதகரத்தால் ஆனவை. முதல் மகா யுத்தத்தின்போது 1916இல் பீட்டர் நிஸ்ஸன் என்ற இராணுவ எஞ்சினியர் வகுத்த அமைப்பு அது. கோடையில் வேகும், குளிர்காலத்தில் தகரத்தின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். இருந்தாலும் கூரை கூரைதான்.

1946 மே மாதத்தில், ஸ்கன்தார்ப் என்ற இரும்பாலை நகரில், சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டும் தொழிலாளி ஒருவர், ஆளில்லாத பீரங்கித் தளமொன்றின் ஆபீசர்கள் உணவுக்கூடத்தில் தம் குடும்பத்தோடு போய்க் குடியேறினார். சேதி பரவியது; மற்றவர்களும் அடுத்தடுத்த கொட்டகைகளில் புகுந்தார்கள். கோடை முடிவதற்குள் தேசமெங்கும் இதே கதை. அக்டோபர் மாதத்தில் அரசாங்கம் சொன்ன கணக்கு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1,038 முகாம்களில் 39,535 பேர். ஸ்காட்லாந்தில் இன்னும் சுமார் 7,000 பேர்.

இவர்களைப் பற்றி நான் படித்தவற்றில் என் மனத்தைத் தொட்டது அவர்கள் புகுந்த விதமன்று, புகுந்தபின் நடந்துகொண்ட விதம். கம்பளியைத் தொங்கவிட்டு அறை பிரித்தார்கள். கமிட்டி அமைத்துத் தண்ணீருக்கும் குப்பைக்கும் முறை வைத்தார்கள். சில முகாம்களில் பொதுச் சமையலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தன. அவர்களில் பலர் தாங்களாகவே நகரசபைக்குப் போய், வாடகை தருகிறோம், பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். சகோதரர்களே, பூட்டை உடைத்தவன் வாடகைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான்! திருடன் இப்படிச் செய்வானா? இடம் பிறருடையது என்பதை அவன் மறுக்கவில்லை. தன் பிள்ளைக்குக் கூரை இல்லை என்பதையும் அவனால் மறுக்க முடியவில்லை. இரண்டு உண்மைகளையும் ஒரே சமயத்தில் தூக்கிக்கொண்டு நின்றான்.

வீட்டுப் பொறுப்பும் சேர்ந்து கையில் இருந்த சுகாதார மந்திரி அன்யூரின் பெவன் என்பவர். அவரே நிலக்கரிச் சுரங்கத்தில் பிள்ளைப் பருவத்தில் வேலை செய்தவர். வரிசையில் காத்திருப்போரைத் தாண்டிச் சிலர் முன்னே போவதை அவர் விரும்பவில்லைதான். ஆயினும் முகாம்களில் இருந்தவர்களை அரசாங்கம் பலவந்தமாக வெளியேற்றவில்லை. தண்ணீரும் சுகாதார வசதியும் செய்து கொடுக்கும்படி நகரசபைகளுக்குச் சொல்லியது. சில முகாம்களில் ஐம்பதுகளின் பிற்பகுதி வரையிலும் குடும்பங்கள் இருந்தன.

ஆனால் 1946 செப்டம்பர் 8ஆம் தேதி லண்டனில் வேறொன்று நடந்தது. கென்சிங்டன் பகுதியில் காலியாயிருந்த பணக்கார மாடி வீட்டுக் கட்டடத்தில், கம்யூனிஸ்டுகள் தலைமையில் குடும்பங்கள் புகுந்தன. இங்கே அரசாங்கம் வேறு முகம் காட்டியது. போலீசு காவல், நீதிமன்ற உத்தரவு, தலைவர்கள் ஐவர்மீது சதி வழக்கு. அந்த மாதத்திலேயே அவர்கள் வெளியேற நேர்ந்தது.

முகாமில் பொறுத்துக்கொண்ட அரசாங்கம் மாடி வீட்டில் ஏன் பொறுக்கவில்லை? பணக்காரன் சொத்து என்பதால் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் வேறொரு வித்தியாசமும் இருக்கிறது. பட்டாள முகாம் அரசாங்கத்தின் சொத்து. அஃதாவது, நம்முடைய பாஷையில் சொன்னால், பைத்துல்மால். அதில் வீடற்ற குடிமகனுக்கும் ஒரு ஹக்கு உண்டு. அவனுடைய வரிப் பணமும், அவன் சிந்திய ரத்தமும் அதில் இருக்கிறது. தனியார் சொத்தில் அவனுக்கு அப்படிப்பட்ட ஹக்கு இல்லை. அங்கே அவனுடைய தேவை மாத்திரமே இருக்கிறது. தேவை எவ்வளவு பெரிதாயினும் அது ஹக்காக மாறிவிடுமா என்பதுதான் நம் கேள்வி.

இந்தியாவிலும் அதே காலத்தில் பட்டாளக் கொட்டகைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. 1947இல் தேசம் பிரிந்ததும் சிந்து மாகாணத்திலிருந்து வந்த இந்து அகதிகளைப் பம்பாய்க்கு அருகே கல்யாணில் இருந்த இராணுவ முகாம்களில் அரசாங்கமே குடியேற்றியது. அந்த முகாம்கள்தான் உல்லாஸ்நகர் என்று ஊரானது. ஒன்றாம் முகாம், இரண்டாம் முகாம் என்று ஐந்தாம் முகாம் வரை அந்த இலக்கங்கள் விலாசத்தில் நிலைத்துவிட்டன. (ஜவுளி, ஜீன்ஸ் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு அந்த ஊர்ச் சரக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று நம் வியாபாரிகள் வேடிக்கை பேசுவது பழைய கதை.) கல்கத்தாவில் அப்படி அரசாங்கம் முந்திக்கொள்ளவில்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் 1948இல் ஜாதவ்பூரில் கைவிடப்பட்டிருந்த பட்டாளக் கொட்டகைகளில் தாமே புகுந்தார்கள். விஜய்கர் காலனி அப்படித்தான் உண்டாயிற்று. பிறகு தனியார் நிலங்களிலும் இத்தகைய காலனிகள் எழுந்தன. நிலச் சொந்தக்காரர்கள் முறையிட, 1951இல் மேற்கு வங்காளத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒழுங்கின்றிக் குடியேறியவர்களை வெளியேற்றலாம். ஆனால் அகதியாக வந்தவருக்கு மாற்று இடம் கொடுக்கும் வரை வெளியேற்றக்கூடாது. அந்த மாற்று இடமும் அவர் பிழைப்பு நடத்துவதற்கு ஏற்ற இடமாயிருக்க வேண்டும் என்று அதில் சேர்த்தார்கள். பிழைப்பைப் பற்றிய இந்த வார்த்தை அகதிகள் போராடிப் பெற்றது. கூரையைக் கொடுத்து வேலையைப் பிடுங்கினால் அது கொடுத்ததாகாது என்று அனுபவப்பட்டவனுக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதைப் படித்து, ஏழையின் பக்கமே நியாயம் என்று நம் மனம் சாய்ந்துவிடும். ஆகையால் டில்லியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1947 செப்டம்பர் கலவரத்தில் டில்லி முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வீடு வாசலை விட்டு, பழைய கோட்டையிலும் ஹுமாயூன் சமாதியிலும் அமைந்த முகாம்களில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளிலும், பள்ளிவாசல்களிலும்கூட, மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த இந்து சீக்கிய அகதிகள் குடியேறினார்கள். வந்தவர்களும் பாவிகள் அல்லர். அவர்கள் லாகூரிலும் ராவல்பிண்டியிலும் விட்டுவந்த வீடுகளில் வேறொருவர் குடியேறியிருந்தார். டில்லியின் தை மாதக் குளிர் எலும்பைத் துளைக்கும். பள்ளிவாசலின் கூரைக்குக் கீழே ஒரு தாய் தன் பிள்ளையைப் போர்த்திப் படுத்திருக்கிறாள். வெளியே போ என்று அவளிடம் யார் சொல்லுவார்?

காந்தியடிகள் சொன்னார். 1948 ஜனவரி 13ஆம் தேதி அவர் தொடங்கிய உண்ணாவிரதம் 18ஆம் தேதி முடிந்தது. அதை முடிக்க டில்லித் தலைவர்கள் கொடுத்த வாக்குறுதிகளில், பள்ளிவாசல்களை முஸ்லிம்களிடம் திருப்பிக் கொடுப்பதும் ஒன்று. அகதிகளின் துன்பத்தை அறியாதவரல்லர் அவர். முகாம் முகாமாகச் சென்று பார்த்தவர். இருந்தும், ஒருவனுடைய துன்பத்தை மற்றொருவனுடைய ஹக்கின்மேல் ஏற்றி வைக்கக்கூடாது என்றார். அகதிகளுக்கு இடம் தேட வேண்டியது அரசாங்கத்தின் கடமை, ஊராரின் கடமை. பள்ளிவாசலைப் பறிகொடுத்தவனுடைய கடமை மட்டும் அன்று. அவர்மேல் பலருக்கு மூண்ட கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம். அம்மாதம் 30ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிற்க. நம்முடைய ஷரீஅத் இதில் என்ன சொல்லுகிறது?

பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொள்பவனுக்கு மறுமையில் நேரும் கதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை மதரஸாப் பிள்ளையும் அறிவான். அபகரித்த வீட்டில் தொழுத தொழுகைக்கு நன்மை உண்டா என்று இமாம்கள் விசாரித்திருக்கிறார்கள் என்றால் விஷயத்தின் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே ஷரீஅத்தில், நிர்ப்பந்தம் நேர்ந்தால் தடுக்கப்பட்டதும் ஆகுமானதாகும் என்ற விதியும் இருக்கிறது. உயிர் போகும் பசியில் இருப்பவன் பிறருடைய ரொட்டியை எடுத்துத் தின்னலாம்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் கித்தாபை மூடிவிடுகிறோம். அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். துருக்கிய உதுமானிய அரசாங்கம் 1869 முதல் 1876 வரை ஹனபி பிக்ஹைத் தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பில் இவ்விரண்டு விதிகளும் இருக்கின்றன: நிர்ப்பந்தம் தடையை நீக்கும், ஆனால் நிர்ப்பந்தம் பிறருடைய ஹக்கை அழிக்காது. ரொட்டியைத் தின்றவன் பாவியல்லன். ஆனால் கையில் காசு வந்ததும் ரொட்டியின் விலையைக் கொடுத்தாக வேண்டும். வியாபாரிகளாகிய நமக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நிர்ப்பந்தம் என்பது இனாம் அன்று, கடன். முகாம்களில் புகுந்து வாடகைப் பணத்தோடு போய் நின்றவர்கள் இந்தக் கித்தாபைப் படித்தவர்களல்லர். ஆனாலும் அதன்படி நடந்தார்கள்.

இன்னொரு சம்பவமும் உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியிருக்கிறது. ஹாதிப் (ரலி) அவர்களின் அடிமைகள், வேறொருவருடைய ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டார்கள். வழக்கு கலீபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. முதலில் கையை வெட்டும்படி உத்தரவிட்டவர்கள், பிறகு அந்த அடிமைகள் பட்டினியில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று கண்டு நிறுத்திவிட்டார்கள். ஒட்டகத்துக்காரர் தம் ஒட்டகத்தின் மதிப்பு 400 திர்ஹம் என்றார். 800 திர்ஹம் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. யார் கொடுக்க வேண்டும்? பட்டினி போட்ட எஜமானர். ஒட்டகத்துக்காரருடைய ஹக்கு ஒரு காசும் குறையவில்லை. பசித்தவனுடைய கையும் தப்பியது. யாருடைய பொறுப்பில் பசி உண்டாயிற்றோ அவர் தலையில் செலவு விழுந்தது. வீடில்லாமை வானத்திலிருந்து விழுவதன்று. தோட்டத்தை விற்றவர் இலாபம் பார்த்தார். வாங்கி மனை போட்டவர் இலாபம் பார்த்தார். லயன் வீட்டில் மூன்று தலைமுறையாய் இருந்தவன் சாமானை வண்டியில் ஏற்றினான். 'புறம்போக்குவாசி' என்று அவனுக்குப் பேர் வைத்தோம். 2005க்குள் புறம்போக்குக் குடிசையே இல்லாத மாநிலம் என்று சிலாங்கூரில் இலக்கு வைத்து, தற்காலிகமென்று சொல்லி நீண்ட வீடுகளில் ஏற்றினார்கள். அந்தத் தற்காலிகத்தில் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் முடித்த குடும்பங்களும் உண்டு.

பக்கத்துக் கடைச் சகோதரருடைய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி, இந்நாட்டில் பிறர் நிலத்தில் எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது. கிராண்டு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே. ஆகவே அந்த மனிதர் என் சொத்தில் பங்கு கேட்கப் போவதில்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் அவசரப்படவும் நியாயமில்லை.

அப்படியானால் அவர் பக்கம் முடிவு சுலபம். வெள்ளத்தில் புகுந்தது நிர்ப்பந்தம். நிர்ப்பந்தம் தீர்ந்ததும் போக வேண்டும், அல்லது வாடகை பேச வேண்டும். நிர்ப்பந்தம் எப்போது தீர்ந்தது? தண்ணீர் வடிந்த அன்றா? அன்றைக்கு அவரிடம் ஒரு பாய்கூட மிஞ்சியிருக்கவில்லை. மறுபடி சம்பளம் வரத் தொடங்கிய மாதமா? வெளியில் வீட்டு வாடகை கேட்டுப் பார்த்தேன். முன்பணம், தண்ணீர் லெட்ரிக் டெப்பாசிட்டு எல்லாம் சேர்த்தால் அவருடைய இரண்டு மாதச் சம்பளம் போய்விடும். இந்தத் தேதியை யார் குறிப்பது? அவரே குறித்தால் அது ஒருபோதும் வராது; நான் குறித்தால் நேற்றே வந்திருக்கும்.

இப்படி அவருடைய நிர்ப்பந்தத்தின் கடைசித் தேதியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இரவில்தான், என் அத்தாவின் கணக்கு எனக்கு ஞாபகம் வந்தது. இதைச் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். நம்மில் அநேகருடைய வீட்டுக் கதையும் இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம் இங்கிலாந்தில் மட்டுமா இருந்தது? மலாயாவிலும் இருந்தது. வாடகை கண்டபடி ஏறாமல் இருக்க அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரை அது தொடர்ந்தது. 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டப்படி உயர்த்த முடியாது, குடியிருப்பவரை இஷ்டப்படி எழுப்பவும் முடியாது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் நம் பாட்டன்மார் கடை நடத்தி நிமிர்ந்தது இந்தச் சட்டத்தின் நிழலில். துணிமூட்டையைத் தலையில் சுமந்து வந்தவன், நாளைக்கு எழுப்பிவிடுவார்களோ என்ற பயமில்லாமல் ஒரு பலகையைப் போட்டு உட்கார முடிந்தது. அது நல்ல சட்டம். அது வந்திராவிட்டால் நம்மில் பாதிப்பேர் ஊருக்குத் திரும்பியிருப்போம்.

என் பாட்டனார் கிள்ளானில் எடுத்த கடைவீடு என் அத்தா கைக்கு வந்தது. நான் கடையில் நிற்கத் தொடங்கிய 1995 வாக்கில் அதன் வாடகை மாதம் 90 வெள்ளி. கீழே கடை, மேலே மாடியை அத்தா பலகை அடித்து ஐந்து அறையாக்கி, அறைக்கு 50 வெள்ளி வீதம் தனி ஆட்களுக்கு விட்டிருந்தார். மாதம் 250 வெள்ளி. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு சீன மூதாட்டி, கைம்பெண். மாதம் பிறந்தால் குடையை ஊன்றிக்கொண்டு அஞ்சடியில் நடந்து வருவார். அத்தா நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுப்பார். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. ஒரு நாள் அவர், மாடிக் கூரை ஒழுகுகிறது, சுவர் உப்புகிறது, பழுது பார்க்க வேண்டும், மாதம் 40 வெள்ளி கூட்டித் தர முடியுமா என்று மலாயில் கேட்டார். அத்தா சிரித்துக்கொண்டே சட்டத்தைச் சொன்னார். அந்த அம்மாள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு 90 வெள்ளியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். நான் அப்போது பிஸ்கட் டின்னை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தாவின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சட்டம் 1997 செப்டம்பர் 1 முதல் நீக்கப்பட்டு, 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவகாசமும் தீர்ந்தது. நாங்கள் காலி செய்தோம். மாடி வாடகையில் சேர்ந்த பணமும் சேர்த்துத்தான் மேருவில் இந்த நிலம் வாங்கியது. லாரிக்காரர் பூட்டை உடைத்த கொட்டகை இந்த நிலத்தில்தான் நிற்கிறது.

ஹஜ்ரத் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வாடகையை அரசாங்கம் நிர்ணயித்தது. அதைக் கொடுத்து இருந்தவர் அபகரித்தவர் ஆகமாட்டார் என்றார். மேல்மாடியை அதிக வாடகைக்கு விட்டதைப் பற்றிக் கேட்டேன். ஷாபிஈ மத்ஹபில் அது ஆகும். ஆனால் நீங்கள் ஹனபி. வாடகைக்கு எடுத்த இடத்தை அதே நாணயத்தில் கூடுதலுக்கு விட்டால் அந்தக் கூடுதல் உங்களுக்குச் சுத்தமானதன்று, தருமம் செய்துவிட வேண்டும் என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு, "உங்கள் அத்தா அந்த இடத்தில் ஏதும் செலவு செய்து சேர்த்தாரா?" என்று கேட்டார். பலகை அடித்தார் என்றேன். "அப்படியானால் தோஷமில்லை" என்றார்.

தோஷமில்லை. பலகை காப்பாற்றிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அந்தப் பலகையையே நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கு ஆன செலவு இரண்டு மூன்று மாத வாடகையில் திரும்பியிருக்கும். (நம் வியாபாரிகளில் சிலர், கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு மத்ஹபும் வாங்க வேண்டிய இடத்தில் இன்னொரு மத்ஹபுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தத் தெருவில்தான் போய்க்கொண்டிருந்தேன்.) ஹஜ்ரத் சொன்னது சட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான் கேட்க மறந்தது ஒன்று. என் பாட்டனாருக்கு அந்தச் சட்டம் நிர்ப்பந்தத்தில் கிடைத்த கூரை. அத்தாவுக்கு அந்த நிர்ப்பந்தம் இருந்ததா? 1995இல் எங்களுக்கு ஒரு வேன் இருந்தது. ஊரில் மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒழுகிய கூரைக்கு 40 வெள்ளி கேட்ட கைம்பெண்ணைவிட நாங்கள் எந்த வகையிலும் தாழ்ந்தவர்களாக இருக்கவில்லை. எங்கள் நிர்ப்பந்தம் எந்த வருஷத்தில் தீர்ந்ததென்று எங்களில் ஒருவரும் நாள் குறிக்கவில்லை. லாரிக்காரருக்கு நான் குறிக்கத் துடிக்கும் தேதியை, எங்களுக்கு யாரும் 50 வருஷமாகக் குறிக்கவில்லை.

அந்த அம்மாள் முஸ்லிமல்லர். அதனால் கணக்கு இலேசாகுமா? ஹக்குல் இபாது என்பதில் மார்க்க பேதம் கிடையாது. உரியவர் மன்னிக்காதவரை அது தீராது. நம் ஆலிம்கள் சிலர், நம்மவரல்லாதவருடைய ஹக்கு மறுமையில் இன்னும் கடினம் என்று எச்சரித்தும் கேட்டிருக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த 40 வெள்ளியை அத்தா கொடுத்திருந்தால், அடுத்த வருஷம் 100 கேட்டிருப்பார்கள் என்று என் சிற்றப்பா சொல்லுகிறார். இருக்கலாம். சட்டம் நீங்கிய 2000த்தில் பழைய குடிகள் பட்ட பாட்டை நானும் பார்த்தேன்; ஒரேயடியாகப் பல மடங்கு வாடகை கேட்டு, தலைமுறை தலைமுறையாக இருந்த தையற்காரரையும் முடிதிருத்துபவரையும் வெளியேற்றினார்கள். அதன்பின் வருஷக்கணக்கில் கதவடைத்துக் கிடந்த கடைவீடுகளும் உண்டு. சொந்தக்காரன் எல்லாம் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் உயிர்ப்பிக்காத தரிசு நிலத்துக்கு வேலி போட்டு வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஒன்றும் செய்யாதவனுக்கு அதில் முன்னுரிமை இல்லை என்று உமர் (ரலி) அவர்கள் விதித்தார்கள். அது தரிசு நிலத்துக்குரிய விதி. கிராண்டு உள்ள கட்டடத்துக்கு நேரே பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும், நம்மில் எத்தனை பேருடைய கடை மாடி புறாவுக்கும் பெருச்சாளிக்கும் விடப்பட்டுக் கிடக்கிறது என்று ஒரு தரம் ஏணி வைத்து ஏறிப் பார்க்கலாம்.

சென்ற மாதம் லாரிக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். நோட்டீசு அனுப்பவில்லை. அவருடைய மூத்த மகள் இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். பரீட்சை முடிந்து மூன்று மாதம் வரை இருக்கலாம், அதற்குள் நானும் அவருமாக வேறு இடம் தேடுவது, கிடைக்கும் இடம் அவருடைய லாரி நிற்கும் இடத்துக்குப் போய்வரத் தக்கதாக இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். வாடகை எவ்வளவு என்று அவர்தான் கேட்டார். மாதம் 50 வெள்ளி என்றேன். மாடி அறைக்கு அத்தா வாங்கிய தொகை அது என்று அவருக்குத் தெரியாது. முதல் மாதத்து 50 வெள்ளியோடு பூட்டுக்கென்று 12 வெள்ளி வைத்தார். பூட்டுக் காசை வாங்கிக்கொண்டேன். வேண்டாமென்று சொல்லியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார்.

நோன்புச் சரக்குக்கு இந்த வருஷம் வேறொருவர் கிட்டங்கியில் இடம் எடுத்திருக்கிறேன்.

அந்த மூதாட்டி மௌத்தாகி வெகு காலமாயிற்று என்று கிள்ளானில் விசாரித்ததில் தெரிந்தது. கட்டடத்தை அப்போதே விற்றுவிட்டார்களாம். எங்கள் கடையிருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். எதிர்வரிசைக் காப்பிக்கடையில் இருந்த பெரியவர், அவருடைய மகள் ஈப்போவில் இருப்பதாகச் சொல்லி, தெரிந்தவர் மூலம் விலாசம் விசாரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தா சொத்தில் என் பங்கைப் பிரித்துக்கொள்ளுமுன் அவருடைய கடனை எடுத்து வைக்க வேண்டும் என்பது ஷரீஅத். இது கடனா இல்லையா என்பதில் என் சகோதரர்கள் என்னோடு ஒத்துப்போகவில்லை. நான் என் பங்கிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் கேட்ட நாள் முதல் நாங்கள் காலி செய்த நாள் வரை, மாதம் 40 வெள்ளி வீதம். விலாசம் வந்ததும் ஈப்போவுக்குப் போக வேண்டும்.